மணப்பெண் பெஞ்சு

சாரிபுலாக் ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில், ஜன்னலுக்குக் கீழே, பழுப்பு நிறத்தில் ஒரு பெஞ்சு கிடக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களைப் போலீசார் பரிசோதனைக்குக் கொண்டுவந்தால் அதில்தான் உட்கார வைப்பார்கள். டாக்டர் கூப்பிடும்வரை அவர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பார்கள். நர்சுகள் ஏதோ வேலை இருப்பதுபோல ஒவ்வொருவராக அந்தப் பக்கம் வந்து முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார்கள். கல்யாண வீட்டில் மருமகளின் முகத்திரையை விலக்கும்போது, காணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே எட்டிப் பார்க்கிற மாதிரி. அதற்கு மணப்பெண் பெஞ்சு என்று பெயர் வைத்தவர் ஆம்புலன்ஸ் டிரைவர் எர்மெக்பாய். பெயர் ஒட்டிக்கொண்டது. டாக்டர்களும் அப்படியே சொன்னார்கள்.

எர்மெக்பாய்க்கு ஐம்பத்தாறு வயது. பட்டாளத்தில் லாரி ஓட்டப் பழகியவர். ஊர் திரும்பிக் கூட்டுப்பண்ணை லாரியை ஓட்டினார். பண்ணை கலைந்து சில வருடம் அங்கும் இங்கும் ஓட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே இருபத்தேழு வருடம். அதற்குள் மூன்று ஆம்புலன்ஸ் மாறியது, மூன்றும் ஒரே மாதிரி சாம்பல் நிற வேன். பார்க்க ரொட்டி போல இருக்கும் என்பதால் ரொட்டி என்றே எல்லோரும் சொன்னார்கள். ரொட்டிக்குள் ஏழு குழந்தைகள் பிறந்தன. அதில் இரண்டு பையன்களுக்கு எர்மெக் என்று பெயர் வைத்தார்கள். யாராவது அதைச் சொல்லிப் பாராட்டினால், இரண்டு பயல்களும் படிப்பில் மட்டம் என்று பேச்சை முடித்துவிடுவார்.

மரியாதைக்கு எல்லோரும் அவரை எரெக்கெ என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். மனைவி சவுரேஷ் மட்டும் கிழவா என்பாள். நாற்பது வயதிலிருந்தே அப்படித்தான்.

அக்டோபரில் பக்கத்து வீட்டு சாய்லாவுக்குப் பேரன் பிறந்தான். விருந்தில், முறை வரும்போது எழுந்து நின்று குழந்தைக்கு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வோட்காக் கிண்ணத்தைக் காலி செய்ய வேண்டும். எர்மெக்பாய் மூன்று முறை எழுந்தார். மூன்றாவது முறை சொல்ல ஒன்றும் இல்லாமல், பையன் நல்ல ரோட்டில் போகட்டும் என்றார். கைதட்டினார்கள். ஒன்பது மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். மறுநாள் அவருக்கு விடுமுறை.

காலையில் தலை கனத்தது. சாய்லாவின் மனைவி ஒரு ஜாடி குமிஸ் அனுப்பியிருந்தாள். முந்தின ராத்திரியின் பாரத்துக்குப் புளித்த குதிரைப்பால் குடிப்பது அங்கே எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அந்தப் பருவத்தின் கடைசிக் குமிஸ். காட்டமாக இருந்தது. இரண்டு கிண்ணம் குடித்துவிட்டுத் தன் பழைய ஜிகுலி காரின் சாவியை எடுத்தார். பனிக்காலத்துக்கு முன், பனியில் வழுக்காமலிருக்க ரொட்டியின் சக்கரங்களில் சுற்றும் சங்கிலி புதிதாக வாங்க வேண்டும். வட்டார நகரத்துக் கடையில் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

பஸ்ஸில் போகலாமே என்றாள் சவுரேஷ்.

"நாப்பது கிலோ சங்கிலி. கழுத்துல போட்டுட்டு வரவா?"

"போட்டுட்டு வா. பொருத்தமா இருக்கும்."

பாலத்துக்குப் பக்கத்தில் தவுரென் கையைக் காட்டினான். போக்குவரத்து இன்ஸ்பெக்டர். பெஞ்சுக்கு ஆட்களைக் கொண்டுவந்து சேர்க்கிறவன் அவன்தான். வரும்போதெல்லாம் எர்மெக்பாயிடம் ஒரு சிகரெட் வாங்கிப் பற்றவைத்துக்கொண்டு, இன்றைக்குப் பெண் எப்படி என்று இவர் கேட்டால், வெட்கப்படுது அண்ணே என்பான். இப்போது கை கொடுக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"எரெக்கெ, வாசன வருது."

"குமிஸ்."

"எல்லாரும் குமிஸ்னுதான் சொல்றாங்க."

"நேத்து சாய்லா வீட்டுல கொஞ்சம். காலைல குமிஸ். அவ்வளவுதான், தம்பி."

தவுரென் தன் நெஞ்சில் மாட்டியிருந்த கேமராவை விரலால் தொட்டுக் காட்டினான். சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டிருந்தது.

"இது ஓடிட்டிருக்கு அண்ணே. நான் பேசினது, நீங்க பேசினது எல்லாம் உள்ள போயிருச்சு. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போயி ஊதிட்டு வந்துரலாம். அஞ்சு நிமிஷம்."

எர்மெக்பாய் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். காலை பத்து மணி. வெளிநோயாளிகள் வரிசையில் நிற்கும் நேரம். துப்புரவு செய்யும் ரைகான் தாழ்வாரத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருப்பாள். பெஞ்சில் இருப்பவர்களைக் காலைத் தூக்கச் சொல்லித் துடைப்பது அவள் வழக்கம். முகம் நன்றாகத் தெரியும். உள்ளே குழாயை நீட்டப்போவது டாக்டர் மக்பால். பதினொரு வருடமாக இவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள். பனிப்புயலில்கூட, நீங்க இருக்கீங்கல்ல எரெக்கெ என்று சொல்லிவிட்டுத் தூங்குகிறவள்.

"வரல" என்றார்.

தவுரென் குரலைத் தாழ்த்தினான். வரவில்லை என்றால் மறுத்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும், யோசித்துப் பாருங்கள் என்றான். எர்மெக்பாய் யோசித்தார். ஊதினால்தானே எண் வரும், எண் இல்லாமல் எந்தக் கோர்ட் என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டார். பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டபடி, அந்தக் கணக்கு வெறும் சாக்கு. பெஞ்சில் உட்காரக் கூடாது என்பதுதான் விஷயம். காரின் பானெட் மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நோயாளியை ஒப்படைக்கும்போது போடுகிற அதே கையெழுத்து. யோசிக்காமல் போட வந்தது.

தவுரென் லைசென்சை வாங்கி உறைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு, சங்கிலியை நான் யார் மூலமாவது எடுத்து அனுப்புகிறேன் என்றான். அனுப்பவும் செய்தான்.

பரிசோதனைக்கு மறுத்தாலும் குடித்து ஓட்டியதற்கு உள்ள தண்டனைதான் என்பதைக் கோர்ட்டில்தான் தெரிந்துகொண்டார். நீதிபதி ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. கண் வீங்கியிருந்தது. மேசை மேல் அன்றைக்கு முடிக்க வேண்டிய கோப்புகள் அடுக்கி இருந்தன. ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டாள்.

"வெக்கமா இருந்துச்சு."

அவள் பேனாவை நிறுத்தினாள்.

"அப்படியே எழுதிக்கட்டுமா?"

"எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டாள். பதினைந்து நாள் காவல். ஏழு வருடம் லைசென்ஸ் கிடையாது. மொத்தம் எட்டு நிமிடம் ஆனது. ஏழு வருடம் கழித்துத் தனக்கு அறுபத்து மூன்று என்று எர்மெக்பாய் வெளியே வரும்போது கணக்குப் பார்த்தார். பென்ஷன் வாங்கும் வயது. இனி ஓட்டப்போவதில்லை என்பதைத்தான் அந்த அம்மாள் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாள்.

காவல் அறையில் பெல்ட்டையும் ஷூ கயிறையும் வாங்கிக்கொண்டார்கள். உள்ளே ஐந்து பேர். ஒரு டிராக்டர்காரன், ஒரு கணக்கர், தேன் விற்கும் ஒருவர், அண்ணன் தம்பி இருவர். ஐந்து பேரும் குமிஸ்தான் குடித்தார்களாம். டிராக்டர்காரன் சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். கணக்கர் கோர்ட்டில் அதையே சொன்னதற்கு, எந்தக் குதிரை என்று நீதிபதி கேட்டாளாம். அந்த அறையில் அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பும் இல்லை. நிஜமாகவே குமிஸ் குடித்துவிட்டு வந்த எர்மெக்பாய் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. பகலில் நகரசபைப் பூங்காவில் இலை கூட்டினார்கள். கயிறில்லாத ஷூவோடு நடந்தால் காலைத் தேய்த்துத்தான் நடக்க வேண்டும். வெளியே வந்த பிறகும் அந்த நடை சில நாள் இருந்தது.

பதினைந்தாம் நாள் சவுரேஷ் பஸ்ஸில் வந்து காத்திருந்தாள். ஷூ கயிறைக் கட்டும்வரை பொறுத்திருந்து பார்த்தாள்.

"இப்ப பஸ்ல வருவியா கிழவா?"

வந்தார். வழி முழுவதும் ஜன்னலைப் பார்க்காமல் டிரைவரின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். டிரைவர் பையன் பிரேக்கை அதிகம் மிதித்தான்.

ஆஸ்பத்திரியில் டிரைவர் வேலை போய்விட்டது. தலைமை டாக்டர் கொதிகலன் அறையில் நிலக்கரி போடும் வேலையைக் கொடுத்தார். அங்கே இருந்த ஆள் மகளோடு நகரத்துக்குப் போய்விட்டான். முதல் நாள் மக்பால் படியிறங்கி வந்து, நிலக்கரிக் குவியலுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு கேள்வி கேட்கட்டுமா என்றாள். எத்தனை கிண்ணம், எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேட்டாள். அது இரண்டு கேள்வி. சொன்னார். அவள் விரல்விட்டு மணியை எண்ணிப் பார்த்தாள்.

"வந்திருக்கலாம் எரெக்கெ. குடிச்சதுக்கு அடையாளம் இருக்கு, போதை இல்லன்னு எழுதியிருப்பேன். உங்களுக்காக இல்ல. காலைல பத்து மணிக்கு உங்க ஒடம்புல அவ்வளவுதான் இருந்திருக்கும். அப்படி எழுதினா அவங்க விட்டுத்தான் ஆகணும்."

எர்மெக்பாய் மண்வெட்டியை எடுத்து நிலக்கரி போட்டார். போட வேண்டியதைவிட இரண்டு வெட்டு அதிகம் போட்டார். அன்றைக்கு வார்டுகளில் எல்லோரும் ஜன்னலைத் திறந்து வைத்தார்கள்.

மேல்முறையீடு செய்யலாம் என்று சவுரேஷின் சித்தி மகன், வக்கீலிடம் வேலை பார்க்கிறவன், சொன்னான். காகிதங்களைப் பார்த்துவிட்டு அவனே வேண்டாம் என்றான். மறுத்தது குற்றம், மறுத்ததற்குக் கையெழுத்து இருக்கிறது, கேமரா இருக்கிறது. போதை இருந்ததா இல்லையா என்று யாருமே கேட்கவில்லை, இனி கேட்கவும் மாட்டார்கள் என்றான்.

புது டிரைவர் முராத்கான். நாற்பத்தைந்து வயது. அல்மாட்டி நகரத்தில் டாக்சி ஓட்டியவன், மனைவியின் ஊர் என்று இங்கே வந்தவன். தொப்பையும் ஓயாத வாயும். கொதிகலன் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் ரொட்டி நிற்கும். காலையில் அவன் ஸ்டார்ட் செய்யும்போது கியர் உறுமும் சத்தம் சுவர் வழியாக வரும். எர்மெக்பாய் ஒருநாள் போய், கிளட்சை முழுசாக மிதி என்றார். நான் மேயருடைய மச்சானையே ஏற்றியிருக்கிறேன் என்றான் முராத்கான். அதற்குப் பிறகு அவர் போகவில்லை. சத்தம் வரும்போது மண்வெட்டியால் சுவரைத் தட்டுவார், அவ்வளவுதான்.

பிப்ரவரியில் ஷோலாக் கணவாய்க்கு அப்பால், குளிர்காலப் பட்டியிலிருந்து போன் வந்தது. ஆட்டிடையன் ஒருவனின் மனைவிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி. மத்தியானம் ஒரு மணி. பனி பொழிந்து முடிந்து காற்று ஆரம்பித்திருந்தது. கணவாய்ப் பாதை தனக்குத் தெரியாது என்று முராத்கான் சொல்லிவிட்டான். மக்பால் கொதிகலன் அறைக்கு வந்து, வழி காட்ட மட்டும் வாருங்கள் என்றாள். எர்மெக்பாய் ரைகானைக் கூப்பிட்டு, அரைமணிக்கு ஒருமுறை நாலு வெட்டு நிலக்கரி போடச் சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டினார்.

நாலு மாதத்துக்குப் பிறகு ரொட்டிக்குள் ஏறினார், டிரைவர் சீட் இருக்கும் இடது பக்கத்தை விட்டு வலது பக்கமாக. மக்பால் நடுவில். கண்ணாடியில் முராத்கான் ஒரு பச்சை மணிமாலை தொங்கவிட்டிருந்தான். சக்கரங்களில் அந்தச் சங்கிலி. அடிவாரம்வரை அவன் பேசிக்கொண்டே ஓட்டினான். ஏற்றத்தில் பேச்சு குறைந்தது. மேலே போனதும் நின்றது. வண்டியையும் நிறுத்திவிட்டான்.

முன்னால் ரோடு இல்லை. வலது பக்க மலையும் இடது பக்கப் பள்ளமும் ஒரே வெள்ளையாக இருந்தன. காற்று தரையோடு தரையாகப் பனியை இழுத்துக்கொண்டு போனது. முராத்கான் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டுச் சிகரெட் தேடினான்.

"எரெக்கெ, நீங்க எடுங்க. இங்க எந்தக் கழுகு கேமரா மாட்டிட்டு நிக்குது? பாலத்துக்கு முன்னாடி மாத்திக்குவோம்."

எர்மெக்பாய் மக்பாலைப் பார்த்தார். அவள் மடியிலிருந்த பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

"நான் எதையும் பாக்கல" என்றாள்.

அவர் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். முராத்கான் உள்ளே நகர ஆரம்பித்துவிட்டான். எர்மெக்பாய் ஸ்டீயரிங்கில் கையை வைத்தார். கையுறைக்குள்ளேயே அந்தச் சக்கரம் தெரிந்தது, மேல் பக்கம் தோல் உரிந்த இடம் உட்பட. பிடிபட்டால் மறுபடியும் காவல், இன்னும் வருடங்கள், மக்பாலுக்கும் கேள்வி வரும். அதெல்லாம் உண்மை. ஆனால் பிடிபட மாட்டார் என்பதும் அவருக்குத் தெரியும். இன்றைக்கு மக்பால் பார்க்க மாட்டாள். அடுத்த முறையும் பாதை இப்படி இருக்கும், அப்போது நர்ஸ் பார்க்க மாட்டாள். பிறகு தவுரென் கேமராவைத் திருப்பிக்கொள்வான். ஊர் முழுக்க நல்ல மனதோடு அவரைப் பார்க்காமல் இருக்கும். ஏழு வருடம்.

அவருக்கு ரொம்பக் களைப்பாக இருந்தது.

"எடத்துலயே இரு" என்றார் முராத்கானிடம். "ஃபர்ஸ்ட் கியர். பிரேக்க மறந்துரு. நான் எங்க மிதிக்கிறனோ அதுக்கு மேல ஏத்து. நான் நின்னா நில்லு."

"நடந்தா போவீங்க? ரெண்டு கிலோமீட்டர்."

"டாக்சி கெடைக்கல."

பின்னால் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனார். மண்வெட்டியின் காம்பால் பனியைக் குத்தினார். சரளை தட்டுப்பட்ட இடத்தில் கால் வைத்தார். பனிக்குக் கீழே ரோடு எங்கே வளைகிறது, எந்த வளைவில் மழைத்தண்ணீர் அரித்த பள்ளம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதெல்லாம் வண்டியில் உட்கார்ந்தபடி தெரிந்துகொண்டது. நடந்து பார்க்கும்போது அது நீளமாக இருந்தது. பனி முழங்காலுக்கு வந்தது. பின்னால் ரொட்டி உறுமியபடி ஊர்ந்தது, அதன் சூடு சில சமயம் முதுகில் பட்டது. ஒருமுறை முராத்கான் கியரைக் கரகரக்க வைத்தான். எர்மெக்பாய் திரும்பாமலே மண்வெட்டியால் காற்றில் தட்டினார்.

பட்டியில் இடையன் வாசலில் நின்றிருந்தான். ஆம்புலன்சுக்கு முன்னால் ஒரு மனிதன் பனி பூசிக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்துக் கதவை விரியத் திறந்து வைத்தான். மக்பால் உள்ளே போனாள். வலியைத் தணிக்க ஊசி போட்டாள், குழந்தை இன்னும் கொஞ்சம் பொறுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்றாள். எர்மெக்பாய்க்கு ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். முகர்ந்து பார்த்தார். வெறும் சூப்புதான். குடித்தார்.

திரும்பும்போது தடத்தைக் காற்று மூடியிருந்தது. மறுபடியும் நடந்தார். ரொட்டிக்குள்ளிருந்து அந்தப் பெண்ணின் முனகல் கேட்டது, பிறகு மக்பாலின் குரல், பிறகு முராத்கான் ஏதோ கதை சொல்லும் சத்தம். மேயருடைய மச்சான் கதையாக இருக்கும். அடிவாரத்தில் ஏறி உட்கார்ந்தபோது அவருக்குக் காலை உள்ளே இழுத்து வைக்க முடியவில்லை. மக்பால் குனிந்து தூக்கி வைத்தாள்.

பாலத்தில் தவுரென் இருந்தான். விளக்கைப் பார்த்து வழி விட்டான். வண்டி கடக்கும்போது டிரைவர் சீட்டில் யார் என்று பார்த்தான், பிறகு வலது பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினான். எர்மெக்பாயும் தூக்கினார்.

ஆறு மணிக்குள் அந்தப் பெண்ணைப் பிரசவ வார்டில் சேர்த்துவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைப் பிடித்து உள்ளேவரை வந்த எர்மெக்பாய், கதவு மூடியதும் தாழ்வாரத்தில் முதலில் அகப்பட்டதில் உட்கார்ந்தார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் உறைந்து கால் வடிவத்தில் நின்றது. அதற்குப் பிறகுதான் எதில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்த்தார். ஜன்னல், பழுப்பு நிறம். எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தார். கால் கேட்கவில்லை.

ஒரு நர்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போனாள். இன்னொருத்தி வந்தாள். வெளிநோயாளி ஒருவர், கட்டுப்போட்ட கையோடு, நின்று பார்த்தார். ரைகான் வாளியும் துணியுமாக வந்து எதிரே நின்றாள். கன்னத்தில் நிலக்கரிக் கறை.

"மணப்பொண்ணு வந்து உக்காந்திருக்கு. மொகம் பாக்கக் காணிக்க எவ்வளவு எரெக்கெ?"

"ஒண்ணும் வேணாம். பாத்துக்க."

அவள் பார்த்தாள். புருவத்தில் இருந்த பனி உருகி மூக்கின் இரண்டு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. அவர் துடைக்கவில்லை.

"காலத் தூக்குங்க" என்றாள்.

தூக்க முடியவில்லை என்றார். அவரைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போனாள். கொதிகலனில் நெருப்பு எப்படி இருக்கிறது என்று பின்னாலிருந்து கேட்டார். கடைசியாக நாலரை மணிக்குப் போட்டேன், அணைந்திருக்கும் என்றாள் திரும்பாமல்.

எர்மெக்பாய் ஷூவுக்குள் காலை நுழைக்க ஆரம்பித்தார்.